மூக்கன்குளத்தில் கிடைக்காத மக்ரூன்

மூக்கன்குளத்து ஆட்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்ன சொல்லை இம்மி பிசகாமல் அப்படியே செய்கிறவனுக்கு முட்டாள் என்றா பெயர்? அப்படிப் பார்த்தால் நாமெல்லாம் யார்? சரி, அதை விடுங்கள். உலகளந்தான் தூத்துக்குடிக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

உலகளந்தான் என்பது பெயர்தானே தவிர, ஆள் அப்படியொன்றும் அளந்துவிடவில்லை. எப்போதாவது வெளியூர் போவார், வருவார். ஆனால் மனைவி வெள்ளைத்தாய்க்கு ஏதாவது வாங்காமல் திரும்பமாட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே கூடாது. சங்கரன்கோவில் போனபோது ஒரு விளக்குமாறு வாங்கிவந்தார். கோவில்பட்டி போனபோது ஒரு படி கல்லுப்பு. மதுரை வரைக்கும் போய் ஒரு தேங்காய் வாங்கிவந்தார். அது மூக்கன்குளத்துத் தோப்பில் பறித்து மதுரைக்கு லாரியில் போன தேங்காய் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஏற்றிப்போன லாரியை ஓட்டியவனே எதிர்வீட்டுக்காரன்தான்.

அந்த எதிர்வீட்டுக்காரன் பெண்டாட்டி செண்பகம் இருக்கிறாளே, அவளுக்கு ஒரு நாள் திருநெல்வேலி அல்வா வரும், ஒரு நாள் மணப்பாறை முறுக்கு வரும், ஒரு நாள் ஊட்டித் தைலம் வரும். எல்லாவற்றையும் வாசலில் உட்கார்ந்துதான் பிரிப்பாள். "இதெல்லாம் நம்ம ஊர்ல எங்கக்கா கிடைக்கு?" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொல்வாள். வெள்ளைத்தாய்க்கு வயிறு பற்றி எரியும்.

ஆகவே, தூத்துக்குடியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று உலகளந்தான் கிளம்பியபோது வெள்ளைத்தாய் வழியை மறித்து நின்றாள்.

"இங்க பாருங்க, காது குடுத்துக் கேட்டுக்கிடுங்க. நம்ம ஊர்ல கிடைக்காத சாமானாப் பாத்து வாங்கிட்டு வரணும். மறுபடியும் நம்ம ஊர்ல கிடைக்கிற சாமானை இந்த ஊருக்குள்ள கொண்டாந்தீங்கன்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அம்மா வீடு அதே தெருவில் நாலாவது வீடுதான். ஆனாலும் போனால் போனதுதான். விளக்குமாற்றுக்காகக் கோபித்துக்கொண்டு போனவள் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தாள். அதுவரைக்கும் உலகளந்தான் ஊறவைத்த அரிசியைத் தின்றுகொண்டு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஆட்டுக்கல்லோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வெள்ளைத்தாய் மேல் அவ்வளவு பிரியம். இன்னொரு தடவை அவள் படியிறங்கிப் போனால் தாங்கமாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

அதனால் யோசனை சொல்வதற்குத் தவசியையும் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு போனார். தவசி மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். மும்மூன்று ஒன்பது என்பதால் ஒன்பதாம் வகுப்பு படித்தவர் என்று ஊரில் அவருக்கு மரியாதை. சங்கிலி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். ஆனால் குரல் நல்ல கனமாக இருக்கும்.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் கடைத்தெருவில் ஒரு பேக்கரி முன்னால் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல கிடைக்காத சாமான் ஒண்ணு குடுங்க" என்றார் உலகளந்தான்.

"உங்க ஊர்ல என்ன கிடைக்காது?" என்று கேட்டார் கடைக்காரர்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசி தொண்டையைச் செருமினார்.

"அதை எப்படி அண்ணாச்சி நாங்க சொல்ல முடியும்? கிடைக்காததை நாங்க பாத்ததே இல்லையே."

கடைக்காரர் நியாயஸ்தர். "சரி, கிடைக்கிறதையாவது சொல்லுங்க" என்றார். அவர்கள் உப்பு, தீப்பெட்டி, வெங்காயம், சைக்கிள் டியூப் என்று ஆரம்பித்தார்கள். பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சங்கிலி தம் கனமான குரலில் "கழுதை, கழுதைக்குட்டி" என்று போய்க்கொண்டிருந்தபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் போட்டுச் செய்யிறது. இது உங்க ஊர்ல கிடைக்கவே கிடைக்காது. நான் கேரண்டி."

"வாக்கு மாறமாட்டீங்களே?" என்றார் உலகளந்தான்.

"மாறமாட்டேன். காத்து மட்டும் படாமப் பாத்துக்கிடணும், பட்டா நமத்துப்போவும். நல்ல சரக்கு அண்ணாச்சி, வாயில வச்சதும் கரைஞ்சிரும்" என்று சொல்லி, ருசி பார்க்கச் சங்கிலியிடம் ஒன்றை நீட்டினார்.

சங்கிலி வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்து காட்டினார். தவசி குனிந்து நாக்குக்கு மேலும் கீழும் பார்த்தார்.

"இல்ல வே. ஒண்ணுமே இல்ல. அண்ணாச்சி சொன்னது சொன்னபடி இருக்கு."

இவ்வளவு நேர்மையான கடைக்காரரை மூன்று பேரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் ஒரே காற்று. முதலில் தங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு எழுந்து போய் அடுத்தவர்கள் ஜன்னலையும் சாத்தினார்கள். நல்ல கோடை மத்தியானம், உள்ளே இருந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. கண்டக்டர் வந்து ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, இன்னொரு தடவை கை வைத்தால் இறக்கிவிட்டுவிடுவேன் என்று சொல்லிப் போனார். வேறு வழியில்லாமல் பெட்டியைத் துண்டில் சுற்றினார்கள். துண்டுக்கு மேல் மூன்று சட்டைகளையும் சுற்றினார்கள். சட்டைக்கு மேல் மூன்று வேட்டிகளையும் சுற்றினார்கள். கடைசியில் பட்டாபட்டி டிரவுசரோடு மூன்று பேர் உட்கார்ந்திருக்க, உலகளந்தான் மடியில் பலாப்பழம் மாதிரி ஒரு மூட்டை இருந்தது.

"நாம மூச்சு விடுதோமே, அதுவும் காத்துதானே?" என்றார் தவசி.

உடனே மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். எட்டயபுரத்துக்கு முன்னாலேயே சங்கிலி சரிந்து ஒரு கீரைக்காரம்மாள் கூடையில் விழுந்தார். அந்தம்மா தண்ணீர் தெளித்து எழுப்பி, என்ன சீக்கு என்று கேட்டாள். "மக்ரூன்" என்றார் சங்கிலி. பாவம், அந்தம்மா பயந்துபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் மூக்கன்குளத்து விலக்கில் இறங்கி நடந்தார்கள். ஊர் எல்லைக்கல் வந்தது. உலகளந்தான் ஒரு காலைத் தூக்கிக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைக்கப் போனார். தவசி சட்டென்று அவர் டிரவுசரைப் பிடித்து இழுத்தார்.

"நில்லும் வே. உம்ம வீட்டுக்காரி என்ன சொன்னா?"

"நம்ம ஊர்ல கிடைக்கிற சாமானை ஊருக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னா."

"இந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு?"

"எல்லைக்கு வெளிய."

"உள்ள போயிட்டா?"

உலகளந்தான் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு வியர்த்தது. "உள்ள போயிட்டா மக்ரூன் நம்ம ஊர்ல இருக்கும்."

"இருந்தா?"

"கிடைக்கும்."

"கிடைச்சா?"

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருவா" என்று சொல்லிவிட்டு உலகளந்தான் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பாடுபட்டும் கடைசியில் விளக்குமாறு கதையாகிப் போனதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணாச்சி வேற கேரண்டி குடுத்திருக்காரு" என்றார் சங்கிலி. "பெட்டி உள்ள போனா அவரு வாக்கும் பொய்யாப் போவும். நல்ல மனுஷன்."

"அப்ப பெட்டியை இங்கனயே வச்சிட்டுப் போயிருவமா?" என்று கேட்டார் உலகளந்தான்.

"வெறுங்கையோட போனா மட்டும் விடுவாளா வே?" என்றார் தவசி. "பெட்டியும் உள்ள போகணும், மக்ரூனும் உள்ள போகக் கூடாது. அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. நாமளே தின்னுட்டுப் போயிரணும்."

"தின்னா வயித்துக்குள்ள இருக்குமே. வயித்தோடதானே ஊருக்குள்ள போகணும்?" என்று கேட்டார் சங்கிலி. பள்ளிக்கூடம் போகாதவர் இவ்வளவு ஆழமாகக் கேட்டுவிட்டாரே என்று மற்ற இரண்டு பேரும் அசந்துபோனார்கள்.

தவசி வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "வயித்துக்குள்ள எப்படி வே இருக்கும்? அதுதான் வாயிலயே கரைஞ்சிருமே. உம்ம வாயை நானே திறந்து பாத்தேன்லா."

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூட்டையைப் பிரித்து, வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு, கல்லைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். முதல் மக்ரூன் வாயில் கரைந்ததும் உலகளந்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ருசியை வெள்ளைத்தாய் இல்லாமல் தின்கிறோமே என்றிருந்தது. ஆனாலும் அவள் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கவேண்டுமே என்று, அவளுக்காகவே இன்னொன்றைத் தின்றார். அவளுக்காகவே பெட்டியின் மூலையில் கிடந்த தூளையும் நக்கினார்.

காலிப்பெட்டியை ஒழுங்காக மூடி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வெள்ளைத்தாய் பிரித்தாள். உள்ளே பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மக்ரூன் பெட்டி."

"மக்ரூன் எங்க?"

"அது நம்ம ஊர்ல கிடைக்காது."

வெள்ளைத்தாயும் மூக்கன்குளத்தில் பிறந்தவள்தான், லேசில் எதையும் நம்பிவிடமாட்டாள். நேரே மளிகைக்கடைக்குப் போய் மக்ரூன் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். டீக்கடையில் கேட்டாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். ரேஷன் கடைக் கதவையும் தட்டிக் கேட்டாள். போகிறபோக்கில் அம்மா வீட்டிலும் எட்டிப் பார்த்து, அங்கேயும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நெசந்தாங்க. ஊர் பூராத் தேடியும் கிடைக்கல. கைகாலைக் கழுவிட்டு வாங்க, சோறு போடுதேன்."

உலகளந்தானுக்குப் போன உயிர் வந்தது. ஆட்டுக்கல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

வெள்ளைத்தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுச் செண்பகம் எட்டிப் பார்த்தாள், இறங்கி வந்தாள், பெட்டிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் வாங்கிட்டு வாராரு, என்னத்துக்கு? எல்லாம் இங்க வந்ததும் கிடைச்சிருது" என்று பெருமூச்சு விட்டாள். "அக்கா, ருசி பாக்க எனக்கு ஒண்ணு குடேன்."

வெள்ளைத்தாய்க்கு மனசு இளகியது. இரண்டு விரலைப் பெட்டிக்குள் விட்டு, பக்குவமாக ஒன்றை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள். செண்பகம் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆத்தாடி, வாயில வச்சதே தெரியல. அப்படியே கரைஞ்சு போச்சு" என்றாள். "இன்னொண்ணு குடுக்கா."

வெள்ளைத்தாய் பெட்டியைப் படக்கென்று மூடினாள்.

"ஒண்ணுதான். எல்லாத்தையும் உனக்கே குடுத்துத் தீத்துட்டா, அப்புறம் இந்த ஊர்ல நான் எங்க போய் வாங்குவேன்?"