கொழிஞ்சி கசந்த கதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கு வாய் இருந்தது. எந்த மண், யாருடைய மண் என்று கேட்டுவிட்டுத்தான் அவை கையை விட்டு இறங்கும். மனிதர்களுக்கும் அப்போது கேட்கிற காது இருந்தது என்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

இரும்புக்கல்லுக்காக ஒரு மலையை அடிவயிறுவரை தோண்டினார்கள். கழிவு மண்ணைப் பக்கத்திலேயே இன்னொரு மலையாகக் கொட்டினார்கள். முதலில் வெட்டிய நல்ல மண் அடியில் போயிற்று. கடைசியில் வெட்டிய செத்த மண் மேலே வந்தது. அந்த மேட்டின் கீழேதான் தோண்டியவர்களின் குடிசைகள். போன மழைக்கே மேடு சரிந்து ஒரு மாட்டுக்கொட்டகையை விழுங்கியிருந்தது. வேர் பிடித்து மண்ணைக் கட்டாவிட்டால் அடுத்து குடிசைகள்தான்.

விதை தேர்ந்தெடுப்பதில் கைராசிக்காரி பாவாயி. அவள் முறத்தில் விதைகளைப் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“இது மண்ணா, சாம்பலா?” என்றது வரகு.

“முதலில் யாராவது போய் மண்ணைக் கட்டட்டும். பிறகு நான் வருகிறேன்,” என்றது வேம்பு. பெரிய இடத்துப் பேச்சு எப்போதும் இப்படித்தான்.

“நான் போகிறேன்,” என்றது கொழிஞ்சி. அந்நாளில் கொழிஞ்சிச் செடி தித்திக்கும். அதற்காக ஆடுகள் முட்டிக்கொள்ளும். “ஆனால் மூன்று மழைக்காலம் போகும்வரை என் மேல் ஆட்டை விடக்கூடாது. சத்தியம் செய்.”

பாவாயி மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். மேட்டைச் சுற்றி முள்வேலி அடைத்து, வாசலுக்கு ஒரு படல் கட்டினாள். முதல் மழையிலேயே மேடு பச்சை பிடித்தது.

அடுத்து வந்த கோடை பொல்லாதது. ஊரில் புல் என்ற பேச்சே இல்லை. பாவாயியின் தம்பி செம்மலை தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலியருகே வந்து நின்றான். மேட்டின் அடியில் முதல் குடிசை அவனுடையது. பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

“மடி வற்றிவிட்டது, பாவாயி,” என்றது தாயாடு. “குட்டி முட்டி முட்டி ரத்தம்தான் வருகிறது.”

“அக்கா, ஒரே ஒரு நா படலைத் தொறந்து உடு. பொழுதோட ஓட்டிக்கிட்டு வந்தர்றேன்,” என்றான் செம்மலை.

“சத்தியம் பண்ணிருக்கேன்டா.”

“ஒரு நா மேஞ்சா குடியா முழுகிப் போயிரும்?”

நாமும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல்தான். பாவாயி குட்டியின் விலா எலும்புகளைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “பாவாயி!” என்று கொழிஞ்சி ஒரே முறை கூப்பிட்டது. அவள் படலைத் திறந்தாள்.

பசித்த ஆடுகள் இலையோடு நிறுத்துமா? தண்டைக் கடித்து இழுத்து வேரோடு பிடுங்கித் தின்றன. சாயங்காலம் மேடு மொட்டையாக நின்றது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கோடைமழை கொட்டியது. செம்மலை ஆடுகளோடு தூரத்துப் பாறையில் ஒதுங்கியிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு இறங்கி வந்து குடிசையை மூடியது. இரண்டு நாள் தோண்டினார்கள். ஆட்டுக்கல் கிடைத்தது, ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

செம்மலை சேற்றிலேயே உட்கார்ந்திருந்தான். “குடி முழுகாதுன்னு நான்தானக்கா சொன்னேன்,” என்றான். பாவாயியால் அழவும் முடியவில்லை. படலைத் திறந்தது அவள் கை.

வேலி மூலையில் ஒரே ஒரு கொழிஞ்சி தப்பியிருந்தது. நீர் தேடிக் கீழே போன அதன் வேர், அந்த மூவரும் கிடந்த இடத்தைத் தொட்டது. அங்கே குடித்தது இலை, காய் எல்லாவற்றிலும் கசப்பாக ஏறியது. மறுபடி வந்த ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

பாவாயி அதன் காயைப் பறிக்க வந்தபோது கொழிஞ்சி சொன்னது: “இந்த மேட்டை நான் மூடுகிறேன். ஆனால் இனி கூப்பிட்டதும் வரமாட்டேன். என் விதைத்தோலைக் கல்லாக்கிக்கொண்டேன். மணலோடு போட்டுத் தேய். உன் கையும் நோகட்டும்.”

அவள் உள்ளங்கை கன்றிப்போகும்வரை தேய்த்தாள். கொழிஞ்சி அதற்குப் பிறகு பேசவில்லை.

அன்று முதல்தான் கொழிஞ்சியை எந்த ஆடும் தொடுவதில்லை, மணலில் தேய்க்காமல் அதன் விதை எளிதில் முளைப்பதுமில்லை. செத்த மண்ணுக்கு முதலில் அதையே அனுப்புகிறவர்கள் அதனிடம் எந்தச் சத்தியமும் செய்வதில்லை.