யானை ஏன் நின்றபடியே ஆடுகிறது

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கு ஒன்றையொன்று பேர் சொல்லித் திட்டிக்கொள்ள வாய் இருந்த நாளில், யானை நின்றால் பாறை மாதிரி அசையாமல் நிற்கும். கூட்டத்துக்கு மூத்தவள் காராயிக்கு அதில் தனிப் பெருமை. சத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. செவந்தி என்ற மரங்கொத்தி பக்கத்து மரத்தில் இரண்டு கொத்து கொத்தினால் போதும், "தலைய இடிக்குது, தூரப் போ அம்மிணி" என்று விரட்டிவிடுவாள்.

ஒரு கோடையில் குளம் வற்றிச் சேறாகிக் கிடந்தது. காராயியின் குட்டி மாதன், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாதவன், தண்ணீரைத் தேடிச் சேற்றுக்குள் இறங்கிவிட்டான். காராயி திரும்பிப் பார்த்தபோது வயிறுவரை முங்கியிருந்தான்.

காராயியும் அவள் தங்கைகள் இருவரும் ஓடிவந்து, துதிக்கையை அவன் உடம்பில் சுற்றி இழுத்தார்கள். பலத்துக்கா பஞ்சம்? ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி மூச்சு வாங்கினாள். பதற்றத்தில் எல்லாரும் பிளிறினார்கள். அந்தப் பிளிறலுக்கே குட்டி மிரண்டு துள்ளினான். துள்ளத் துள்ளச் சேறு அவனைக் கழுத்துவரை வாங்கிக்கொண்டது.

கரையில் பட்டுப்போன நாவல் மரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செவந்திக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, நான் தட்டறேனுங்க. தட்டும்போது மூணு பேரும் ஒண்ணா இழுங்க."

"இந்த நேரத்துலயும் உன்ற தட்டலா?" என்று காராயி சீறினாள்.

செவந்தி தட்டினாள். ஆனால் அவளுக்கும் பயம்தானே, தட்டல் தடதடவென்று ஓடியது. அதைக் கேட்டு யானைகளின் நெஞ்சும் கூடவே ஓடியது. இழுப்பு இன்னும் கோணிப்போய், மாதனின் வாய்க்குள் சேறு புகுந்தது.

"எம்புள்ளயக் கொல்லாத, நிறுத்து" என்றாள் காராயி.

செவந்தி நிறுத்தினாள். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி தட்டினாள், இந்த முறை மெதுவாக. டொக். டொக். பிளிறலில் அது யார் காதிலும் விழவில்லை. ஆனால் மரத்தின் வேர் வழியாக மண்ணில் இறங்கி, காராயியின் உள்ளங்காலில் ஏறியது. தறிகெட்டு அடித்த நெஞ்சு, ஒவ்வொரு தட்டலுக்கும் காத்திருந்து அடிக்கத் தொடங்கியதை அவளே உணர்ந்தாள். மண்டைக்குள் இருந்த இரைச்சல் அடங்கியது. தங்கைகள் எங்கே நின்று இழுக்கிறார்கள் என்பதே அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"கத்தாதீங்க. குட்டிய விடுங்கடி" என்றாள்.

"விட்டா முங்கிருவானேக்கா" என்றாள் நடுத் தங்கை.

"விடுங்க. காலுல வர்றதக் கேளுங்க."

விட்டார்கள். மாதன் இன்னும் கீழே போனான். அவன் துதிக்கை நுனி மட்டும் மேலே தெரிந்தது. பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை, ஆனாலும் நின்றாள். மூன்று தட்டல் போனது. நான்காவதில் மூவரின் மூச்சும் ஒன்றானது. சேற்றுக்குள் துதிக்கையை விட்டு அவனைச் சுற்றினார்கள். ஒரு தட்டலுக்கு இழுத்தார்கள், அடுத்ததற்கு ஓய்ந்தார்கள். ஏழாவது இழுப்பில் குட்டி கரைக்கு வந்து விழுந்தான்.

உயிர் இருந்தது, ஆனால் உடம்பு கிடந்து உதறியது. தட்டல் கேட்டபோதெல்லாம் உதறல் தணிந்தது, தட்டல் நின்றதும் மறுபடி வந்தது.

"இனி முடியலீங்க அக்கா. அலகுல ரத்தம் வருது" என்றாள் செவந்தி.

"போதும் சாமி, நீ உக்காரு" என்றாள் காராயி.

அவள் குட்டியை எழுப்பி வயிற்றோடு சேர்த்து நிறுத்தினாள். செவந்தி விட்ட அதே தாளத்தில் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குச் சாய்ந்தாள், பிறகு திரும்பி இந்தக் காலுக்கு. தங்கைகளும் இருபுறமும் வந்து நின்று அப்படியே அசைந்தார்கள். மாதனின் மூச்சு மெல்ல மெல்ல அவர்கள் அசைவுக்குள் வந்தது. பொழுது சாயும்போது பால் குடித்தான்.

அன்று தொடங்கியதுதான், யானை நின்ற இடத்திலேயே ஆடுவது. நிறுத்தினால் குட்டி நடுங்கிவிடுவானோ என்ற பயம் இன்றுவரை எந்த யானைக்கும் போகவில்லை.