நோய் அடிச்ச வெள்ளத்தாயி

பருத்திக்காட்டு மொதலாளி தொரைராசு, வாயத் தொறக்குறதுக்கு முன்னால மூணு தடவ கனைப்பாரு. "ம்க்கும்! ம்க்கும்! ம்க்கும்! ஏ வெள்ளத்தாயி, காயெல்லாம் புழு. நாளைக்கு நீ பூச்சிமருந்து டேங்க முதுகுல மாட்டு. இல்லேன்னா நான் குடுத்த வீட்டக் காலி பண்ணு."

அவ புருசன் அந்த டேங்க மாட்டி மருந்து அடிச்சுத்தான் போன மாசம் செத்தான்.

"மருந்தே வேணாம் மொதலாளி. பத்து நாள் குடுங்க, புழுவ நான் ஒழிக்கேன்."

"மருந்தில்லாமலா? ஒழியலேன்னா ஊரு முன்னாலயே வெரட்டிருவேன்!"

பத்தாம் நாள் ஊரையே கூட்டிக்கிட்டு வந்தாரு. பாத்தா, செடிக்குச் செடி புழு கறுத்துப்போயித் தலகீழாத் தொங்குது.

"என்னத்த அடிச்ச?"

"நோய அடிச்சேன். சீக்கு வந்து செத்த புழுவப் பொறுக்கி, அரைச்சு, வடிகட்டி, வெயில் தாழ எலையிலயும் காயிலயும் தெளிச்சேன். அதத் தின்ன புழுவுக்கெல்லாம் ஒட்டிக்கிருச்சு."

"நோயா!" மொதலாளி வேட்டியத் தூக்கிக்கிட்டு வரப்புக்குத் தாவுனாரு. கனைப்பே வரல. ஊரே சிரிச்சுச்சு. "எனக்கு ஒட்டிக்கிட்டா?"

"இது புழுவுக்கு மட்டுந்தான் வரும். நீங்க எதுக்குப் பயப்படுதீக? என் புருசன் மூக்குல கட்ட ஒரு துணி கேட்டப்ப, 'மருந்துதானடா, ஒண்ணும் செய்யாது'ன்னீக. நீங்க குடுத்த மருந்து அவரக் கொன்னுருச்சு. நான் குடுத்த நோயி உங்க காட்டக் காப்பாத்திருச்சு."

மொதலாளி தலையக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டாரு.

வீடு என்னமோ அவளுக்கு நெலச்சிருச்சு. அன்னைக்கும் ரெண்டு பேருக்கு அரிசி அளந்துட்டு, பாதியத் திரும்ப அள்ளிப் பானையில போட்டா.