முக்கொடிக் காட்டின் முதல் குடி

அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள்: அரியணையில் அரசர் வீரகண்டர். அவருக்கு வலப்பக்கம் முதலமைச்சர் தர்மசேகரர். இடப்பக்கம் அண்டை நாட்டுத் தூதர்கள் இருவர், ஒருவர் வடநாட்டார், மற்றவர் மேலைநாட்டார். பிறகு சாமரம் வீசுகிறவர்கள், தலையாட்டுகிறவர்கள், எதற்கென்று தெரியாமலே சம்பளம் வாங்குகிறவர்கள். கடைசித் தூணில் சாய்ந்தபடி அரசவை விகடன் மாசிலான்.

இது முன்னொரு காலத்தில், அரசர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் தமதென்று நினைத்த காலத்தில் நடந்தது. அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று கேட்காதீர்கள்.

அரசர் கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்: “நமக்கு ஓர் ஊஞ்சல் வேண்டும். நானும் சபையோர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட வேண்டும். பலகை ஒரே மரத்தில் இழைத்ததாக இருக்க வேண்டும். ஒட்டு இருக்கக் கூடாது.”

மாசிலானின் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று.

அவ்வளவு பெரிய மரம் முக்கொடிக் காட்டில்தான் உண்டு. மூன்று நாடுகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அந்தக் காடு கிடந்தது. அரசரின் தந்தை காலத்தில் மூன்று அரசர்களும் கூடி, அங்கே எவரும் கோடரி வைக்கலாகாது, தீ வைக்கலாகாது என்று செப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். மீறினால் தலை போகும் என்றும் எழுதினார்கள். அரசர்களின் தலை அல்ல. ஒவ்வொரு நாடும் ஓர் ஆளைப் பிணையாகக் காட்ட வேண்டும். எந்த நாடு மீறியதோ அந்த நாட்டின் பிணையாளுடைய தலை மற்ற இருவருக்கும் சேரும். வடநாட்டார் ஒரு சமையற்காரனைக் காட்டினார்கள். மேலைநாட்டார் ஒரு குதிரைக்காரனைக் காட்டினார்கள். இந்த நாட்டில், போனால் அரசு நின்றுவிடாத தலை எது என்று யோசித்து, மாசிலானைக் காட்டினார்கள்.

இதெல்லாம் தர்மசேகரருக்கு நன்றாகத் தெரியும். போன மாதம், அமைச்சர் எழுதிய புகழ்மாலையைக் கேட்டு அரசர் தூங்கிவிட, அவரை எழுப்பிய சிரிப்பு மாசிலானுடையது. அதையும் அமைச்சர் மறக்கவில்லை.

“ஊஞ்சல் செய்துவிடலாம், மகாராஜா” என்றார் அமைச்சர். “உடன்படிக்கை காட்டைத்தான் வெட்டக் கூடாது என்கிறது. கீழ்ப்பக்கம், பெரிய கருமருது நிற்கிற இடம், காடே அல்ல. அங்கே யானை இல்லை, புலி இல்லை. நேரில் ஆராய்ந்துவிட்டேன்.”

“எங்கிருந்து ஆராய்ந்தீர்கள், அமைச்சரே?” என்று மாசிலான் கேட்டான்.

“அரண்மனை மேல்மாடத்திலிருந்து. வெகு தெளிவாகத் தெரிந்தது.”

மாசிலான் தூதர்களைப் பார்த்தான். காட்டைக் காக்கத்தானே அவர்களை அனுப்பி வைத்திருக்கிறார்கள்? வடநாட்டுத் தூதர் தொண்டையைச் செருமினார்.

“ஊஞ்சலில் எங்களுக்கும் இடம் உண்டு என்று அமைச்சர் சொன்னார்” என்றார்.

“ஓரத்தில் வேண்டாம்” என்றார் மேலைநாட்டுத் தூதர். “எனக்குத் தலை சுற்றும்.”

“மரம் விழுந்தால் உங்கள் அரசர்கள் என்ன செய்வார்கள்?” என்று மாசிலான் கேட்டான்.

“ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பார்கள். அதன்பின் பிணையாளின் தலையைக் கேட்பார்கள். அதுதான் முறை” என்றார் வடநாட்டுத் தூதர். அவர் குரலில் பகை ஒன்றும் இல்லை.

“காடே அல்ல என்று நான் சொன்ன பிறகு தலையை ஏன் கேட்கப் போகிறார்கள்? அப்படியே கேட்டாலும் நாட்டுக்கு நட்டமில்லை” என்று அமைச்சர் சிரித்தார். சபையும் சிரித்தது. அவர் சிரித்தால் சிரிப்பதுதான் அதற்கு வேலை.

கெஞ்சலாமா என்று மாசிலான் யோசித்தான். இந்தச் சபையில் கெஞ்சிப் பிழைத்தவன் எவனும் அவன் நினைவுக்கு வரவில்லை. காட்டின் பெருமையைப் பேசலாமா? மழையும் ஆறும் அங்கிருந்துதான் வருகின்றன என்று சொல்லலாமா? ஊஞ்சலில் இடம் பிடித்துவிட்டவர்கள் காதில் அது ஏறாது. அவன் நடுவே வந்து கும்பிட்டான்.

“அமைச்சர் சொல்வதே சரி, மகாராஜா. அது காடு அல்ல. ஆனால் ஓர் ஐயம். காடு அல்லவென்றால் அது என்ன? நிலத்துக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே. வயலா, ஏரியா, ஊரா?”

“ஊர்” என்றார் தர்மசேகரர் யோசிக்காமலே. “குடியிருக்க உகந்த நல்ல ஊர்.”

“அப்படியே முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டால் என் கழுத்துக்கும் நிம்மதி.”

எதிரி இவ்வளவு எளிதில் படிந்துவிட்டானே என்ற மகிழ்ச்சியில் அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி அரக்கில் அழுத்தினார். தூதர்கள் சாட்சிக் கையொப்பமிட்டார்கள். அரக்கு ஆறி இறுகும்வரை மாசிலான் காத்திருந்தான்.

“இனி முதல் குடி வழக்கத்தை முடித்துவிட்டு மரத்தை வெட்டலாம், மகாராஜா.”

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அமைச்சரின் முகம் கறுத்தது.

அரசரின் பாட்டனார் காலத்தில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அதிகாரிகள் ஒரு சதுப்பு நிலத்தை ஊர் என்று முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். முதல் மழையில் குடிசைகள் சேற்றில் இறங்கின. பாட்டனார் அதிகாரிகளைத் திட்டவில்லை. ஒரு நிலத்தை ஊர் என்று முத்திரையிடுகிறவர், அன்றே போய் அங்கே முதல் குடியாக அடுத்த பௌர்ணமிவரை இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். காவல் கிடையாது, ஆயுதம் கிடையாது. நல்ல ஊரில் அவை எதற்கு? தர்மசேகரர் பதவிக்கு வந்தபின் பல ஊர்களை அழித்திருந்தாரே தவிர, புதிதாக ஒன்றையும் உண்டாக்கியதில்லை. அதனால் அந்த வழக்கமே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“அது சதுப்பு நிலத்துக்காகச் செய்த ஏற்பாடு” என்றார் அமைச்சர்.

“என் பாட்டனாரின் ஆணையில் அப்படியா எழுதியிருக்கிறது?” என்று அரசர் கேட்டார். அவருக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. “பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தூதர்களும் வரட்டும்.”

வெயில் சாயும் நேரத்துக்கு எல்லோரும் கருமருதின் அடியில் நின்றார்கள். பக்கத்தில் பழைய காவல்சாவடி ஒன்று இருந்தது. கல் சுவர், கனத்த கதவு. அதன் படியிலேயே பெரிய பெரிய உருண்டைகளாக ஏதோ கிடந்து ஆவி விட்டது.

“இது என்ன?” என்றார் மேலைநாட்டுத் தூதர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

“யானை இங்கே இல்லை என்று முத்திரை சொல்கிறது” என்றான் மாசிலான். “ஆகவே இது ஊர்க்காரர்கள் யாரோ போட்டதாக இருக்க வேண்டும். அமைச்சரே, உங்கள் அண்டை வீட்டார் கொஞ்சம் பருமனானவர்கள்.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூங்கில் புதருக்குள் படபடவென்று முறியும் சத்தம் கேட்டது. தர்மசேகரர் அரசரின் பல்லக்குக் கம்பைப் பற்றிக்கொண்டார்.

“மகாராஜா, இது காடு.”

“தூதர்கள் காதில் விழவில்லையாம்” என்றான் மாசிலான்.

“காடு. முழுக்கக் காடு. புல் பூண்டுவரை காடு.”

“அப்படியானால் உடன்படிக்கை நிற்கிறது” என்றார் வடநாட்டுத் தூதர், குதிரையைத் திருப்பியபடி. மரத்தை வெட்ட வேண்டும் என்று அதன்பின் யாரும் சொல்லவில்லை. ஊஞ்சலைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அரசருக்கே அது மறந்துவிட்டிருந்தது. அடுத்த வாரம் வேறொன்று தோன்றும். மாசிலானுக்கு அது தெரியும்.

“நெடுநாளைக்குப் பின் இன்றுதான் பொழுது போயிற்று” என்றார் அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்ன வேண்டும், கேள்.”

“என் கழுத்து, மகாராஜா. பிணையிலிருந்து என்னை விடுவித்து, அமைச்சரை அந்த இடத்தில் வையுங்கள். என் தலை பிணையாக இருக்கிறதே என்று கோடரி எடுக்க யார் அஞ்சினார்கள்? அவர் கழுத்து இருந்தால், உங்களுக்கு மரம் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல உங்கள் பக்கத்திலேயே ஓர் ஆள் இருப்பார்.”

அரசர் இன்னொரு முறை சிரித்தார். “தந்தோம். தூதர்களே?”

புதர் மறுபடியும் முறிந்தது. “சம்மதம்” என்று இரண்டு குதிரைகளும் போகிற திசையிலிருந்து குரல் வந்தது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலானிடம் எறிந்துவிட்டு, பல்லக்கைத் தூக்கச் சொன்னார்.

“மகாராஜா, நானும் வருகிறேன்” என்றார் தர்மசேகரர்.

“எப்படி முடியும்?” என்றான் மாசிலான். “சபையில் போட்ட முத்திரையைச் சபையில்தான் உடைக்க முடியும். சபை நாளைக் காலையில் கூடும். அதுவரை இது ஊர், நீங்கள் முதல் குடி.”

மூங்கிலுக்கு மேலே ஒரு தும்பிக்கை எழுந்து காற்றை முகர்ந்தது. யாரும் தள்ளாமலே அமைச்சர் படியில் கிடந்ததை மிதித்துக்கொண்டு சாவடிக்குள் பாய்ந்தார். மாசிலான் கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.