ஐந்தாயிரம் அடி

அருளப்பனுக்குச் சித்திக்கைக் கண்டாலே வயிறு எரியும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தப் பயிற்சி நிலையத்தில் கேன்டீன்காரர் உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அருளப்பன் மட்டும் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

இருவரும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்குப் பயிற்சி எடுப்பவர்கள். நீ இந்த உயரத்தில் வா, நீ அந்தப் பக்கம் திரும்பு என்று தரையில் உட்கார்ந்தபடி விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை. அருளப்பனுக்கு இருபத்தொன்பது வயது, மணப்பாட்டுக்காரன். சித்திக் மேலப்பாளையத்துப் பையன், வயது இருபத்து மூன்று.

இந்த வேலைக்கு மருத்துவப் பரிசோதனை என்பது சும்மா நாடி பிடித்துப் பார்ப்பதல்ல. கண், காது, இதயம், சர்க்கரை, கடைசியில் மனநல மருத்துவர் என்று ஒரு நாள் முழுக்க ஆளை உரித்து எடுத்துவிடுவார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் துளி ஒலி கேட்டாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அருளப்பன் அத்தனையும் ஒரே தடவையில் தாண்டினான். “உனக்குப் பாம்புக் காதுய்யா” என்றார் காது டாக்டர். அதை ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டான்.

சித்திக் தடித்த கண்ணாடிக்காரன். கண்ணாடி போட்டால் பார்வை சரியாக இருக்கிறது என்று விதிப்படி தேறியவன். ஆனால் பணியில் உட்காரும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மூக்கில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. அப்படிப்பட்டவன் தேர்வுக்குத் தேர்வு முதலில் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? போதாததற்கு வாய்க்கு வாய் “அண்ணே, அண்ணே” என்பான். அதுதான் அருளப்பனுக்கு ஆகவே ஆகாது.

வியாழக்கிழமை இருவரும் தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார வேண்டும். தேறினால் அசல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், அசல் விமானங்களோடு பேச அனுமதி கிடைக்கும். முதலில் அனுமதி வாங்குகிறவர் சீனியர். ஓய்வு பெறும்வரை அந்த வரிசை மாறாது. ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான். அருளப்பன் ஒன்றை ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தான். இன்னொன்றும் போனால் வேறு ஏதாவது ஒரு பிரிவுக்குக் கோப்பு தள்ள அனுப்பிவிடுவார்கள்.

அவர்களுடைய பயிற்றுநர் உமையாள். அருளப்பனைவிட ஒரு வயது சின்னவர். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அருளப்பன் கேட்டேவிட்டான்.

“மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?”

“யார்கிட்ட?”

“சித்திக்கிட்டதான்.”

உமையாள் டீயைக் குடித்து முடித்தார்.

“இன்னிக்கு சித்திக்குக்கு நீங்க பைலட்டா உட்காருங்க.”

சிமுலேட்டரில் ஒருவர் கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்தால் அடுத்த அறையில் இன்னொருவர் விமானியாக நடிக்க வேண்டும். திரையில் ஏழு விமானம் என்றால் ஏழுக்கும் அவரே குரல். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகத்தான் சொல்கிறாரா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். விமானிக்குச் சந்தேகம் வந்தால் ‘உறுதி செய்யவும்’ என்று கேட்கலாம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

அருளப்பன் பைலட் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சித்திக்கின் பின்னந்தலை தெரிந்தது. திரையில் விமானங்கள் நெருங்க நெருங்க அருளப்பனுக்கு ஒரு ஆசை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்த ஆசை.

“ஏழாயிரம் அடிக்கு இறங்கவும்” என்றான் சித்திக்.

“எட்டாயிரம் அடிக்கு இறங்குகிறேன்” என்று வாய்க்குள்ளேயே மென்றான் அருளப்பன்.

“இல்லை. ஏழாயிரம் அடி.”

குரலில் கோபமில்லை, அவசரமில்லை. அருளப்பனுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடது என்றதை வலது என்றான். மாட்டிக்கொண்டான். ஒரு விமானத்துக்குச் சொன்னதை வேறொரு விமானத்தின் பெயரில் திருப்பிச் சொன்னான். அதற்கும் மாட்டிக்கொண்டான். ஒருதரம்கூட அந்தப் பின்னந்தலை திரும்பவில்லை.

முடிந்ததும் சித்திக் வெளியே வந்தான்.

“நல்ல பயிற்சிண்ணே. ரொம்ப தேங்க்ஸ்.”

குத்திக்காட்டுகிறான் என்று அருளப்பன் முடிவு கட்டினான்.

“எத்தனை தடவை மாத்திச் சொன்னீங்க?” என்று உமையாள் தனியாகக் கேட்டார்.

“வாய் தவறிடுச்சு மேடம்.”

“எத்தனை?”

“மூணு.”

உமையாள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அருளப்பனுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. நாளைக்கு நாற்காலி மாறும், அவன் பைலட். நான் செய்ததை அவன் எனக்குத் திருப்பிச் செய்யாமல் விடுவானா? விடமாட்டான். நானாக இருந்தால் விடுவேனா? இதையே விடிய விடிய உருட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை கட்டுப்பாட்டாளர் நாற்காலியில் அருளப்பன். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உமையாள். ஹெட்போனில் சித்திக்கின் குரல்.

முதல் அரை மணி நேரம் பிசிறில்லாமல் போனது. அருளப்பன் ஒவ்வொரு பதிலையும் சல்லடை போட்டுச் சலித்தான். எங்கே மாற்றப்போகிறான், எங்கே மாற்றப்போகிறான் என்று அதே குறி. சித்திக் மாற்றவே இல்லை. அதனால் சந்தேகம் குறையவில்லை, கூடியது. நெருக்கடி வரட்டும் என்று காத்திருக்கிறான், கள்ளன்.

நெருக்கடி வந்தது. தெற்கிலிருந்து ஒரு விமானம் ஐந்தாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து வருவது ஒன்பதாயிரத்தில் இருந்தது. அதை ஆறாயிரத்துக்கு இறக்கி நிறுத்த வேண்டும். அருளப்பன் சொன்னான். சித்திக் திருப்பிச் சொன்னான்.

பிறகு சித்திக் ஏதோ கேட்டான். “உறுதி செய்யவும்.”

வந்துவிட்டது என்று நினைத்தான் அருளப்பன். நேற்று செய்ததற்கு இன்றைக்குப் பதில். மேடம் முன்னால் என்னைத் தடுமாற வைக்கப் பார்க்கிறான்.

“ஆம்” என்றான் வெட்டினாற்போல.

“மீண்டும் கேட்கிறேன். உறுதி செய்யவும்.”

சித்திக் என்ன கேட்டான் என்பது அருளப்பனின் காதில் ஏறவில்லை. கேட்டான் என்பது மட்டும் ஏறியது.

“ஆம் என்றேனே.”

இரண்டு நிமிடம் கழித்துத் திரையில் இரண்டு விமானங்களின் பெயர்களும் சிவப்பாகத் துடித்தன. பிறகு இரண்டு புள்ளிகளும் ஒரே புள்ளியாகிவிட்டன.

அருளப்பன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

“ஆறாயிரம்னு சொன்னேன். நீ வேணும்னே அஞ்சாயிரத்துக்கு இறக்கியிருக்க.”

சித்திக் எழுந்து நின்றான். “அண்ணே, நான்தான் கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன்.”

“நடிக்காத. நேத்து நான் செஞ்சதுக்கு இன்னிக்குப் பழி வாங்குற.”

“நேத்து நீங்க என்ன செஞ்சீங்க?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். நேற்றுப் பூராவும் அண்ணன் தனக்காக மெனக்கெட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தான் அந்தப் பையன். அருளப்பன் வாசலில் உமையாள் நிற்பதை அப்போதுதான் பார்த்தான்.

“சித்திக், நீங்க சாப்பிடப் போங்க” என்றார் உமையாள்.

பிறகு பேச்சுப் பதிவை ஓடவிட்டார்.

“ஐந்தாயிரம் அடிக்கு இறங்கவும்.” அருளப்பனின் குரல். தெளிவான, கணீரென்ற குரல்.

“ஐந்தாயிரம் அடிக்கு இறங்குகிறேன்.” இது சித்திக். “ஐந்தாயிரம் அடி, உறுதி செய்யவும்.”

“ஆம்.”

“மீண்டும் கேட்கிறேன். ஐந்தாயிரம் அடி. உறுதி செய்யவும்.”

“ஆம் என்றேனே.”

உமையாள் அதையே இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவைக்கு அவர் கை போனபோது அருளப்பன் சொன்னான்:

“போதும் மேடம்.”

அவர் நிறுத்தினார்.

“சத்தியமா ஆறாயிரம்னுதான் சொன்னேன்னு நினைச்சேன்.”

“தெரியுது.”

“அவன் அஞ்சாயிரம்னு கேட்டது என் காதுலயே விழலை.”

“காதுல கோளாறு இருக்கா?”

“இல்லை மேடம். ரிப்போர்ட் இருக்கு.”

“ரிப்போர்ட் நானும் பார்த்தேன்.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். நாளைக்குத் தேர்வில் உட்காருகிறவர்கள் தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதிமொழி. பணியில் உட்காரும் நிலையில் இருக்கிறேன், இல்லை. இரண்டு கட்டம். இல்லை என்றால் காரணம் எழுத ஒரு கோடு. சளி பிடித்து மாத்திரை போட்டவர்கள், குழந்தைக்குக் காய்ச்சலென்று கண் விழித்தவர்கள் அதில் எழுதுவார்கள். அப்படி எழுதினால் வாய்ப்புக் கழியாது, அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போகும்.

“நீங்க என்னைக் குழுவுக்கு அனுப்புவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“அந்தத் தாள்ல முதல் கையெழுத்து உங்களோடது. என்னோடது அதுக்குக் கீழ.”

அருளப்பன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் தள்ளிப்போட்டா அவன் எனக்கு சீனியர் ஆயிடுவான்.”

“ஆமா.”

“முப்பது வருஷம் மேடம்.”

“முப்பத்தொண்ணு.”

அந்த ஒன்றை அவர் விட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. உட்கார்ந்துவிடலாமா என்றும் தோன்றியது. நாளைக்கு நிதானமாக இருந்தால் போயிற்று. ஆனால் பக்கத்து நாற்காலியில் சித்திக் இருப்பான், அவன் எப்படிச் செய்கிறான் என்று கண் போகும், காது போகும். மறுபடியும் ஒரு ஐந்தாயிரம் வாயில் வந்தால் இரண்டாவது வாய்ப்பும் போச்சு. தேறிவிட்டால்? அந்த நினைப்புதான் அவனை நிஜமாகப் பயமுறுத்தியது. தேறிவிட்டால், அடுத்த வாரம் திரையில் இருப்பது நடிப்பு விமானமில்லை.

‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டான். காரணம் என்ற இடத்தில் ‘தூக்கமின்மை’ என்று ஆங்கிலத்தில் எழுதினான்.

“தூங்கலையா?”

“பொட்டுக்கூடத் தூங்கலை.”

“ஏன்?”

அருளப்பன் எழுதியதைக் கோடு போட்டு அடித்தான்.

“குழுத் தலைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா மேடம்?”

“தெரியாது.”

ஒரே ஒரு சொல் எழுதினான். தாளைத் திருப்பி அவரிடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உமையாள் படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று அருளப்பன் நினைத்தான். அவர் அந்தச் சொல்லின் நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தினார்.

“பொறாமைக்குப் பெரிய ‘ற’ வரும்.”

பிறகு கையெழுத்துப் போட்டார். கீழே ‘பணிக்குத் திரும்பும் தேதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எழுதாமல் விட்டார்.

“தேதி போடலையே மேடம்.”

“சளின்னா ஏழு நாள்னு நானே எழுதிடுவேன். இது எனக்குத் தெரியாது.”

ஜன்னல் வழியே கேன்டீன் வாசல் தெரிந்தது. சித்திக் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே கை கழுவிக்கொண்டிருந்தான். நாளைக்கு இந்நேரம் அவன் சீனியர். அருளப்பனுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று. மறைத்து இனிமேல் என்ன ஆகப்போகிறது?

“இப்பவும் எரியுது மேடம்.”

“எரியும்.”

“அப்போ எனக்கு இந்த வேலையே ஆகாதா? இது எப்போ அணையும், நான் எப்போ வர்றது?”

உமையாள் தாளை மடிக்காமல் அவன் கையிலேயே கொடுத்தார்.

“அணையணும்னு நான் சொல்லலையே. எரியட்டும். எரியும்போதும் சித்திக் சொல்ற எண் உங்க காதுல விழுற அன்னிக்கு, நீங்களே வந்து தேதி போடுங்க.”