எழுதினவங்க எழுந்து நில்லுங்க

வடிவாம்பாள் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பிற்பகல் உதவித்தொகைக் குழு கூடுகிறது.

முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடு, உன் முனைவர் பட்டப் படிப்பைப் பல்கலைக்கழகம் தாங்கும் என்பதுதான் அந்த உதவித்தொகையின் ஏற்பாடு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் ஆண்டுதோறும் குழு பார்த்துப் புதுப்பித்தால்தான் உண்டு. இல்லையென்றால் ஆய்வேடு பாதியில் நிற்கும். இதற்காக விட்டுவந்த பள்ளிக்கூட வேலையும் இனி கிடைக்காது. நாற்பது வயதுக்குமேல் படிக்கக் கிளம்பியவள், முடிக்காமல் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பாள்?

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஷகிலா பானு அவளைவிட வயதில் சின்னவர். குருவுக்கு வயது குறைச்சல், சிஷ்யைக்கு மூட்டுவலி. அதற்கென்ன செய்வது, படிப்பு என்றால் அப்படித்தான். ஷகிலாவுக்குப் பேச்சும் குறைச்சல். அதுதான் வடிவாம்பாளுக்கு இன்னும் பயம்.

மாணவர்களின் கட்டுரைகளை ஒரு கோப்பில் கட்டி, தன் வகுப்பைப் பற்றித் தானே எழுதிய குறிப்பையும் மேலே வைத்து, நெறியாளர் அறைக்குக் கொண்டுபோனாள். குழுவின் முன்னால் அந்தக் குறிப்பை அவளே வாசிக்க வேண்டும். நெறியாளர் கையெழுத்து இல்லாமல் வாசிக்க முடியாது.

"பிள்ளைங்க எழுதக் கத்துக்கிட்டாங்கன்னு குழு நம்புமா மேடம்?"

ஷகிலா கோப்பைப் புரட்டினார். தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது.

"நீங்க நம்புறீங்களா?"

நம்பாமல் என்ன, அத்தனையும் பிள்ளைகள் கைப்பட எழுதியதுதானே என்றாள் வடிவாம்பாள். பொய்யில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று கேட்டால் வேறு கதை. பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவார்கள். குழு பார்க்குமே, ஒரு பிழை இருந்தாலும் தன் தலையில் அல்லவா விடியும் என்று இவள் சிவப்பு மையால் வரிக்கு வரி அடித்து, மேலே தன் வரியை எழுதுவாள். "இதைப் பார்த்துப் புதுசா எழுதிட்டு வா" என்பாள். அவர்களும் அப்படியே பார்த்து எழுதி வருவார்கள். இந்தத் திருத்தலிலேயே பருவம் முழுக்க ஓடிவிட்டது. அவள் ஆய்வேட்டில் ஒரு வரி கூடவில்லை.

"இன்னைக்கு வகுப்புக்கு நானும் வர்றேன்" என்றார் ஷகிலா.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டாள் வடிவாம்பாள்.

வகுப்பில் ஷகிலா கோப்பிலிருந்து ஒரு கட்டுரையை உருவி வாசித்தார். "வைகறைப் பொழுதில் கடலோரச் சாலையில் விரையும் மீன் வண்டியே எம் குடும்பத்தின் அச்சாணி. அதனைச் செலுத்தும் என் தந்தையாரின் அயராத உழைப்பே எமக்கு வழிகாட்டி." இப்படியே ஒரு பக்கம்.

"எழுதினவங்க எழுந்து நில்லுங்க."

யாரும் எழவில்லை. மூன்றாவது பெஞ்சில் அந்தோணி ராஜன், யார் எழப்போகிறார்கள் என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவாம்பாளால் பொறுக்க முடியவில்லை. உன்னுடையதுதானே அந்தோணி என்று அவனைக் கேட்டேவிட்டாள்.

அவன் மெல்ல எழுந்தான். "எங்கப்பாவும் மீன் வண்டிதான் ஓட்டுறாங்க மேடம். ஆனா இது வேற யாரோட அப்பாவோ மாதிரி இருக்கு."

வகுப்பு சிரித்தது. ஷகிலா சிரிக்கவில்லை. முதலில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டார். அவன் பின்னந்தலையைச் சொறிந்தான்.

"வண்டியக் கழுவி, குளிச்சிட்டு வந்தாலும் மீன் வாடை போகாது. அதனால பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தாலும் எங்கப்பா உக்கார மாட்டாங்க, நின்னுகிட்டேதான் வருவாங்கன்னு எழுதியிருந்தேன்."

வடிவாம்பாளுக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. அதை அடித்ததும் அவள்தான். பக்கத்தில் "தேவையற்ற செய்தி" என்று எழுதியதும் அவள்தான். பாவி, என்ன காரியம் செய்தேன் என்று இருந்தது.

ஷகிலா கோப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடப் போகவில்லை. பழைய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். பயந்துபோய்ப் பிள்ளைகளின் கட்டுரைகளை நானே எழுதிவிட்டேன். அந்தோணியின் ஆக நல்ல வரியை நானே அடித்தேன். இன்னொரு வருடம் கிடைத்தால் அடிக்க மாட்டேன், கேள்வி மட்டும் கேட்பேன். அவ்வளவுதான் வந்தது. படித்துப் பார்த்தால் அவளுக்கே திக்கென்றது. இதை வாசித்தால் குழு வாசலைக் காட்டினாலும் காட்டும். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் ஓடினாள்.

"கொஞ்சம் திருத்திக் கொடுங்க மேடம். உங்க நடையில இருந்தா மதிப்பாங்க. என் பொழைப்பே இதுலதான் இருக்கு."

ஷகிலா ஒரு முறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

"குழுவுல உங்களுக்குப் பதிலா வேற யாராவது இதை வாசிச்சிட்டு, எழுதினவங்க யாருன்னு கேட்டா எழுந்து நிப்பீங்களா?"



"கால் நடுங்கும் மேடம்" என்றாள் வடிவாம்பாள். "ஆனா நிப்பேன்."

ஷகிலா தன் பேனாவை எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

"அப்ப நான் திருத்த இதுல என்ன இருக்கு?"