சடையனும் குழியானைகளும்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் சடையன் என்ற கரடிக்குட்டி இருந்தான். அவனுக்குக் குழியானை என்றால் பைத்தியம். குழியானை தெரியுமா, குழந்தைகளே? மணலில் புனல் போலக் குழி பறித்து, அடியில் ஒளிந்திருக்கும் குட்டிப் பூச்சி.

குழிக்குள் மெல்ல ஊதினால் மணல் விலகும். பூச்சி ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். தலையைப் பார்த்துவிட்டால் சடையனுக்கு வெற்றி. உடனே அடுத்த குழிக்குத் தாவுவான்.

பொழுது விடிந்தால் இதே வேலை. "இன்னும் ஒரே ஒரு குழி, அம்மா" என்பான். அந்த ஒன்று முடிந்ததே இல்லை. இரையை மறந்தான். விலா எலும்பு தெரிய இளைத்துப்போனான்.

"மழைக்காலத்துக்குள் இவன் தானாக இரை தேடப் பழகாவிட்டால் பிழைக்க மாட்டானே!" என்று தாய்க்கரடி புலம்பினாள்.

அவசரக்காரக் காட்டுப்பன்றி அதைக் கேட்டது. "இதற்கா அழுகிறாய்?" என்று சொல்லிவிட்டு, எல்லாக் குழிகளையும் மிதித்துத் தூர்த்தது.

மறுநாள் சடையனைக் காணோம்! சிறுத்தை நடமாடும் ஆற்றங்கரையில், புதிய குழிகளுக்கு முன்னால் குப்புறக் கிடந்தான். தாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நாலு அறை கொடு!" என்றது கூடவே தேடி வந்த பன்றி.

தாய்க்கரடி கை ஓங்கவில்லை. மகன் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துக்கொண்டாள். "எனக்கும் சொல்லிக்கொடுடா" என்றாள்.

ஊதினாள். குழியே பறந்துபோனது! சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அம்மா, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். இப்படி!"

உச்சிவேளை வரை அவனோடு ஆடினாள். என்ன பொறுமை பாருங்கள்! ஆட ஆட அவளுக்கே வியப்பாக இருந்தது. இத்தனை நேர்த்தியாக ஊத அந்தக் காட்டில் வேறு ஆள் கிடையாது.

"சடையா, இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. உள்ளே ஆயிரம் பூச்சி. பார்க்கிறாயா?"

அவன் துள்ளி எழுந்தான். தாய் அவனைக் கறையான் புற்றுக்குக் கூட்டிப்போனாள். நகத்தால் ஓர் ஓட்டை போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். சடையன் உதட்டைக் குவித்து ஊதினான். மண் விலகியது. சர்ரென்று உறிஞ்சினான். வாய் நிறையக் கறையான்!

காட்டுப்பன்றி வாயைப் பிளந்தது. "நான் கால் வலிக்க மிதித்தும் நடக்காததை, நீ படுத்துக்கொண்டே சாதித்துவிட்டாயே, கரடியம்மா!"

தாய்க்கரடி அதைக் காதில் வாங்கவில்லை. மகன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: பிள்ளையின் விளையாட்டைப் பிடுங்கும் முன், பிள்ளையோடு சேர்ந்து அதை ஒரு முறை விளையாடிப் பாருங்கள்.